இரண்டு அடைப் பெட்டி: சேர்த்துவிடுவதா, பாகு ஊட்டித் தேற்றுவதா, இடம் மாற்றுவதா?

ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் செய்தார். அங்கே மழை, இங்கே பள்ளிகொண்டாவிலும் மழை, பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்தவரை விஷயம் இதுதான். அவரிடம் இரண்டு தேனீப் பெட்டி. ஒன்றில் ஐந்து அடை, ஐந்திலும் தேனீ மொய்க்கிறது. இன்னொன்றில் இரண்டே அடை, அதிலும் ஓரமெல்லாம் காலி. "அண்ணே, இது குளிருக்குச் செத்துப் போயிடுமா? தெர்மாகோல் வாங்கிச் சுத்திடட்டுமா?"

தெர்மாகோல் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை, நானும் அதே வீடியோக்களைப் பார்த்தவன்தான். முழங்கால் அளவு பனி கிடக்கிற ஊர்களில் பெட்டியைச் சுற்றிக் கட்டுகிறார்கள், கனடாவில் சிலர் பெட்டிகளை எல்லாம் 4, 5 டிகிரியில் வைத்த இருட்டுக் கொட்டகைக்குள் கொண்டுபோய் அடுக்கியே விடுகிறார்கள், அந்த ஊருக்கு அது சரி. அங்கே மாதக்கணக்கில் ஒரு பூ கிடையாது, ராணி முட்டை வைப்பதை நிறுத்திவிடும், அங்கே வளர்க்கிற, நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்கிற இனம் பந்து மாதிரி சுருண்டு, சேர்த்து வைத்த இருபது முப்பது கிலோ தேனைத் தின்றுகொண்டே உட்கார்ந்திருக்கும். நம் நாட்டுத் தேனீப் பெட்டியில் வருஷத்துக்கு ஐந்து கிலோ எடுத்தாலே அது நல்ல பெட்டி. ராணியும் இங்கே முழுசாக ஓய்வெடுப்பதில்லை. நோயே வேறு என்னும்போது அவர்கள் மருந்தை நாம் குடித்து என்ன ஆகப்போகிறது?

வேலூரில் குளிர் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் இங்கே 17, 18 டிகிரி இருக்கும், ஜவ்வாது மலை மேலே இன்னும் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். வளர்ந்த தேனீயைக் கொல்லும் குளிர் இது இல்லை. ஆனால் அடையில் இருக்கும் புழுவுக்கு 34, 35 டிகிரி வேண்டும், அதைத் தேனீக்கள்தான் பறக்கும் தசையை நடுக்கி நடுக்கி உண்டாக்குகின்றன, அதற்கு விறகு தேன். அண்டாவில் வடித்த சோறு ராத்திரிவரை வெதுவெதுப்பாக இருக்கும், கிண்ணத்தில் போட்டது கை கழுவிவிட்டு வருவதற்குள் ஆறிப்போகும், இல்லையா? ஐந்து அடைக் குடும்பம் அண்டா, இரண்டு அடைக் குடும்பம் கிண்ணம். சின்னக் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேர் சூடு கொடுக்க உட்கார்ந்துவிட்டால் வெளியே போய்த் தேன் கொண்டுவர யார் இருக்கிறார்கள்?

உண்மையில் நம் பக்கத்தில் சின்னப் பெட்டியை முடிப்பது மழைதான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொன்னார்கள். நான்கு நாள் விடாமல் பெய்தால் நான்கு நாள் பட்டினி, பூவில் இருக்கிற தேன் கழுவிக்கொண்டு போய்விடும், மகரந்தம் நனைந்து எதற்கும் உதவாது. அது முடிந்து மார்கழி வந்தால் மலையில் ஒன்பது மணிவரை மூடுபனி, பறக்கிற நேரம் குறைந்துவிடும். இரண்டையும் தாங்க இருப்பு வேண்டும், இருப்பு சேர்க்க ஆள் வேண்டும், ஆள் பிறக்க மகரந்தம் வேண்டும். இந்தச் சக்கரம் எங்காவது ஓரிடத்தில் நின்றால் நம் தேனீ இத்தாலியத் தேனீ மாதிரி உட்கார்ந்து சாகாது. ராணியோடு கிளம்பிப் போய்விடும். காலையில் பெட்டி இருக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் முன்னால் எண்ண வேண்டியது அடையை இல்லை, தேனீ மூடியிருக்கிற அடையை. நாட்டுத் தேனீக்கு நாம் வைக்கிற நியூட்டன் பெட்டியில் கீழே இருக்கிற புழு அறையில் அடை கட்ட ஏழு மரச்சட்டம் இருக்கும், ஏழிலும் அடை கட்டியிருக்கலாம், அதை வைத்துப் பெரிய குடும்பம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. நான் காலை ஏழு மணிக்குள், தேனீ வெளியே கிளம்புவதற்கு முன்னால், மூடியை மெதுவாகத் தூக்கி மேலிருந்து எட்டிப் பார்ப்பேன். சட்டங்களுக்கு நடுவில் எத்தனை சந்து கறுப்பாக நிறைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. அப்புறம் ஒரு சட்டத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் அடை கண்ணுக்குத் தெரியாத அளவு மொய்த்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். புரட்டாசிக் கடைசியில் இப்படி நான்கு வந்தால் கவலை இல்லை, மூன்று என்றால் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு என்றால் இந்தக் கட்டுரை.

எண்ணும்போதே இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இவை இருந்தால் கீழே சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது. ஒன்று நோய். அடையின் கண்ணுக்குள், அதாவது சின்ன அறைக்குள், புழு தலையைத் தூக்கிக்கொண்டு செத்து, ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய பை மாதிரி முழுசாக வந்தால் அது தாய் (தாய்லாந்து) சாக் புரூட் என்கிற வைரஸ் நோய், 1991, 92இல் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது இதுதான். அந்தப் பெட்டியை எதனோடும் சேர்க்காதீர்கள், அதிலிருந்து எதற்கும் அடை கொடுக்காதீர்கள். இரண்டாவது ராணி. ஒரு கண்ணில் இரண்டு மூன்று முட்டை தாறுமாறாக ஒட்டியிருந்தால் ராணி போய்ப் பல நாள் ஆகி, வேலைக்காரத் தேனீக்களே முட்டை வைக்க ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம், அதிலிருந்து வருவதெல்லாம் ஆண் தேனீதான். நம் தேனீயில் இது சீக்கிரம் நடக்கும். அப்படிப்பட்ட குடும்பத்தை நல்ல பெட்டியோடு நேராகச் சேர்த்தால் அங்கே இருக்கிற நல்ல ராணியையே கடித்துக் கொன்றாலும் கொல்லும்.

சரி, நோயும் இல்லை, ராணியும் இருக்கிறது, ஆனால் இரண்டு அடைதான். என்ன செய்யலாம்?

முதலில் சேர்ப்பது. எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுநிலையாக எழுதுகிறேன் என்று பாசாங்கு செய்ய வேண்டியதில்லை. இரண்டு பெட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும். தூரத்தில் இருந்தால் பலவீனமான பெட்டியை நாளுக்கு ஓர் அடி என்று நகர்த்திக் கொண்டுவர வேண்டும், சட்டென்று பத்தடி நகர்த்தினால் மேயப் போனவை பழைய இடத்துக்கே வந்து வட்டமடிக்கும். பக்கத்தில் வந்ததும் பலவீனமான பெட்டியின் ராணியை எடுத்துவிட்டு, ஒரு நாள் கழித்துப் பொழுது சாய்ந்த பிறகு, பலமான பெட்டியின் மூடியை எடுத்துப் புழு அறைக்கு மேல் ஒரு தினத்தாள் விரித்து, லேசாகத் தேன் தடவி, ஊசியால் நாலைந்து துளை போட்டு, அதன் மேல் அடிப்பலகை இல்லாமல் பலவீனமான பெட்டியின் புழு அறையை வைத்து மூடிவிட வேண்டும். துளை பெரிசாகப் போகக் கூடாது. இரண்டு பக்கமும் காகிதத்தைக் கடித்துக் கடித்து வழி உண்டாக்குவதற்குள் வாசனை கலந்துவிடும், சண்டை வராது. இரண்டாம் நாள் காலையில் போய்ப் பாருங்கள், வாசல் பலகையில் காகிதத் துணுக்கு தவிடு மாதிரி கொட்டிக் கிடக்கும். போன வருஷம் ஒரு தேனீ வாயில் கவ்விக்கொண்டு தள்ளாடி வெளியே வந்த துணுக்கில் 'தங்கம் வி' வரைக்கும் படிக்க முடிந்தது, விலை ஏறியதா இறங்கியதா என்பது உள்ளேயே தங்கிவிட்டது. மூன்று நாள் கழித்து நல்ல அடைகளை எல்லாம் கீழே ஒழுங்கு செய்து, காலி அடையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதில் செலவு ஒரு தினத்தாள். நஷ்டம் ஒரு ராணி, ஒரு பெட்டிக் கணக்கு. மாசியில் பூ வந்ததும் ஆறேழு அடையாகப் பெருத்து நிற்கிற அந்த ஒரு பெட்டியைப் பிரித்தால் மறுபடி இரண்டு, இரண்டுமே பலமானவை. கார்த்திகையில் ஒன்றரைப் பெட்டி வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட இது மேல் என்பது என் கட்சி. ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பவர் எதோடு சேர்ப்பார்? அவருக்கு இது இல்லவே இல்லை.

அவருக்கு இருப்பது பாகு. செலவைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற அளவு வாரத்துக்கு ஒரு பெட்டிக்கு 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீரில். ஐப்பசி பிறந்ததிலிருந்து தை பிறக்கும்வரை பன்னிரண்டு வாரம் என்று வைத்தாலும் இரண்டரை கிலோவுக்குள், கிலோ 45 ரூபாய் என்றால் நூற்றிப் பத்து ரூபாய்கூட ஆகாது. வெல்லம், கருப்பட்டி வேண்டாம், உடம்புக்கு நல்லதென்று நமக்குச் சொல்கிற அதே சத்தெல்லாம் தேனீக்கு வயிற்றுப்போக்கு. கடையில் வாங்கிய தேனும் வேண்டாம், எந்தப் பெட்டி நோயை எடுத்து வருகிறது என்று யாருக்குத் தெரியும். கொட்டாங்குச்சியில் பாகை ஊற்றி நாலு ஈர்க்குச்சியைக் குறுக்கே போட்டுப் பெட்டிக்குள் வைத்தால் தேனீ மூழ்காது. இதுவரை சுலபம்.

சர்க்கரை விலை இதில் பெரிசே இல்லை. பன்னிரண்டு வாரம், மழையோ இடியோ, பொழுது சாய்ந்த பிறகு நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அதுதான் விலை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த வருஷம் என்னிடம் இரண்டு அடைப் பெட்டி மூன்று இருந்தன. மூன்றையும் பாகு ஊட்டியே தேற்றிவிடுகிறேன் என்று நினைத்தேன். தோப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனதும் ஆறு நாள் அந்தப் பக்கமே போக முடியவில்லை. ஏழாம் நாள் போனபோது அவசரம், பட்டினி கிடந்திருக்குமே என்ற பதைப்பு, பகல் பதினொரு மணிக்கே ஒரு பெட்டியில் பாகை ஊற்றினேன், கை நடுங்கிக் கொஞ்சம் அடிப்பலகையில் சிந்தியும் விட்டது. பத்து நிமிஷத்தில் பக்கத்துப் பெரிய பெட்டித் தேனீக்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன. வாசலில் கட்டிப் புரண்டு சண்டை, உள்ளே நுழைந்து கொள்ளை, மதியத்துக்குள் அடையில் இருந்த கொஞ்ச நஞ்சத் தேனையும் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டன. மறுநாள் அந்தப் பெட்டி காலி. இன்னொன்று நான் போவதற்கு முன்பே காலியாகி இருந்தது. அதைத் திறந்தபோது ஒரு தேனீயின் பிணம்கூட இல்லை, அடைக்குக் குறுக்கே வெள்ளையாகப் பட்டு நூல் மாதிரி வலை, அதற்குள் அடையைத் தின்கிற மெழுகுப் பூச்சியின் புழு ஒன்று நான் பார்க்கிறேன் என்று தெரிந்து பின்பக்கமாகவே ஊர்ந்து போனது. மூன்றாவது பிழைத்தது. அது ஏன் பிழைத்தது என்று யோசித்துத்தான் அடுத்து சொல்லப்போவதைக் கற்றுக்கொண்டேன்.

அந்த மூன்றாவது பெட்டியில் மட்டும் தற்செயலாக, வேறு எதற்கோ வைத்த தடுப்புப் பலகை இரண்டு சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. ஏழு சட்டம் பிடிக்கிற வீட்டில் இரண்டு சட்டக் குடும்பம் குடியிருந்தால் மீதி இடத்துக்கு யார் வாடகை கொடுப்பது? தேனீ மூடாத அடையை எல்லாம் எடுத்துவிடுங்கள், அதில்தான் மெழுகுப் பூச்சி முட்டை வைக்கும், குளிர் ஊரில் உறைபனி அதைக் கொன்றுவிடும், நம் ஊரில் அது வருஷம் முழுக்க வேலை செய்கிற ஆள். எடுத்த அடையை வீணாக்க வேண்டாம், காற்றுப் புகாத டப்பாவில் கந்தகப் புகை காட்டி வைத்தால் மாசியில் உதவும். இரண்டு சட்டத்தை ஓரமாகத் தள்ளி, தடுப்புப் பலகையை ஒட்டி நிறுத்தி, மேலே ஒரு சாக்குத் துண்டை மடித்துப் போட்டு, வாசலை இரண்டு மூன்று தேனீ போகிற அளவுக்குக் குறுக்கிவிடுங்கள். வாசல் சின்னதாக இருந்தால் காவலுக்கு ஆள் குறைவாக இருந்தாலும் போதும். நம் தேனீ இத்தாலியத் தேனீ மாதிரி பிசின் பூசிச் சந்தை அடைக்காது, அதை நாம்தான் செய்ய வேண்டும், களிமண்ணும் சாணியும் குழைத்து வெளியே பூசினால் போதும். அடிப்பலகையையும் அது கூட்டாது, வாரம் ஒருமுறை நாம்தான் துடைக்க வேண்டும்.

தெர்மாகோல் தம்பிக்கு இதையும் சொன்னேன்: எதைக் கட்டினாலும் பெட்டி மூச்சுவிட வேண்டும். பிளாஸ்டிக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து, மூடியின் அடியில் துளி துளியாகக் கோத்து, விடியற்காலையில் அடை மேல் சொட்டும். குளிர் தேசத்திலும் குளிரைவிட ஈரம்தான் எமன் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். கூரை மாதிரி மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு தகரத் துண்டு, வாசலுக்கு மேல் நெற்றியில் ஒரு சின்னத் தாழ்வாரம், பெட்டி முன்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தால் சாரல் உள்ளே தேங்காது. எறும்பைத் தடுக்கப் பெட்டி நிற்கிற காலுக்கு அடியில் வைத்த கிண்ணத்தில் மழைத் தண்ணீர் நிரம்பியிருக்கிறதே, எறும்பு வராது என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்குப் புல் வளர்ந்து பெட்டியைத் தொட்டால் அதுதான் எறும்புக்குப் பாலம்.

மூன்றாவது வழி, அடை கடன். பலமான பெட்டியிலிருந்து மூடிய கூட்டுப்புழு நிறைந்த ஒரு சட்டத்தை எடுத்து, அதில் ராணி இல்லை என்று இரண்டு தடவை பார்த்து, தேனீக்களை உதறிவிட்டு, பலவீனமான பெட்டிக்குக் கொடுப்பது. ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கில் இளம் தேனீக்கள் வெளியே வரும், இரண்டு அடை மூன்றாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புரட்டாசியில் செய்தால் இது கடன், கார்த்திகையில் செய்தால் கடனைக் கொடுத்தவரும் ஓட்டாண்டி. கொடுக்கிற அடையைப் போர்த்திக்கொள்ள வாங்குகிற பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்துப் புழுக்கள் குளிர்ந்து செத்து, மறுநாள் காலையில் வாசலில் வெள்ளை வெள்ளையாக இழுத்துப் போட்டிருக்கும். கண்களின் மூடி கறுத்து, பொரியப் போகிற நிலையில் இருக்கும் அடையாகப் பார்த்து ஒன்றே ஒன்று கொடுங்கள். கொடுக்கிற பெட்டியில் ஐந்து அடைக்குக் குறைவாக இருந்தால் தொடவே வேண்டாம். தானமும் தனக்கு மிஞ்சித்தான்.

இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் ஆசை வந்துவிடும். ஹிமாச்சல்காரர்கள் குளிருக்குப் பெட்டியை எல்லாம் பஞ்சாப், ஹரியானா கடுகுப் பூவுக்கு இறக்குகிறார்கள், மார்த்தாண்டத்துக்காரர்கள் ரப்பர் தளிர் விடும் காலத்துக்குப் பெட்டியை ஏற்றுகிறார்கள். அதெல்லாம் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் கணக்கு. இரண்டு பெட்டியை மலையிலிருந்து இறக்கக் குட்டி யானை வண்டி வாடகை கொடுத்தால் அந்தக் காசுக்குப் பத்து வருஷம் பாகு ஊட்டலாம். சாதாரணமாக மலைச் சாலையில் குலுங்கினாலே புது அடை பிய்ந்து ராணி மேல் விழும், அந்தச் சாலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே வண்டி ஒன்று வெறுமனே கீழே வருகிறது, பத்துப் பதினைந்து பெட்டி சேர்ந்துவிட்டது என்றால் மட்டும் யோசிக்கலாம். ராத்திரியில், வாசலில் கம்பி வலை அடித்து, சட்டம் ஆடாமல் கட்டி, கொள்ளும் துவரையும் பூத்திருக்கிற மானாவாரி நிலத்துப் பக்கம், அல்லது அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத் தென்னந்தோப்புக்கு. தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடும் என்பதால் மகரந்தத்துக்குக் குறைவில்லை. மழை விட்ட மறுநாளே தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் வரப்பெல்லாம் பூத்துவிடும், அதைவிடச் சின்னக் குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்.

மாந்தோப்பை நம்பிப் போகாதீர்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தையில் மரமெல்லாம் பூவாகத்தான் நிற்கும், பார்த்தால் யாருக்கும் பெட்டியை வைக்கத் தோன்றும். மாம்பூவுக்குப் பெரும்பாலும் போவது சாதாரண ஈக்கள்தான், தேனீக்கு அது பெரிய விருந்து இல்லை. அதோடு தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிற சமயமும் அதுவே. பலமான பெட்டி ஒரு நாள் மருந்துக்கு ஆயிரம் பேரை இழந்தாலும் எழுந்துவிடும். இரண்டு அடைப் பெட்டிக்கு அது கிட்டத்தட்ட பாதிக் குடும்பம்.

ஐந்தாவதாக ஒரு வழி உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள்: சும்மா விடுவது. போனால் போகட்டும், அடையைப் பத்திரப்படுத்தி, பெட்டியைக் கழுவி, உள்ளே கொஞ்சம் மெழுகு தடவி, மாசி பங்குனியில் மரத்தடியில் வைத்தால் பிரிந்து வருகிற கூட்டம் ஒன்று தானாக வந்து குடியேறலாம். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது கேலியான யோசனையே இல்லை. காட்டில் இருக்கிற தேனீ போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும், நம் பெட்டி அதற்கு ஒரு சத்திரம். ஆனால் பெட்டியோடு காசு கொடுத்து வாங்கியவர் மனசு இதற்கு ஒப்புக்கொள்ளாது. நானே என் முதல் பெட்டியை நான்கு அடை என்று சொன்னவரிடம் வாங்கி, வீட்டுக்கு வந்து திறந்தால் இரண்டில்தான் தேனீ, மீதி இரண்டு வெறும் பழைய அடை. அதைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட சிரமத்தில் கால்வாசியை வாங்கும்போது மூடியைத் திறந்து பார்க்கக் காட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் செய்து பார்த்திருக்கிறேன், சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பீர்கள். பலமான பெட்டிக்கு மேல் காகிதத்துக்குப் பதில் நெருக்கமான கம்பி வலை அடித்த பலகை வைத்து, அதன் மேல் சின்னக் குடும்பத்தை அதன் ராணியோடேயே உட்கார வைத்து, பின்பக்கமாகத் தனி வாசல் கொடுப்பது. கீழ்வீட்டுச் சூடு மேல்வீட்டுக்கு இலவசம், எந்த ராணியும் சாக வேண்டாம். குளிர் நாட்டில் இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் கீழே பாகு வைக்கத் திறக்க வேண்டுமென்றால் மேலே இருப்பதை ஒவ்வொரு தடவையும் தூக்கி இறக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் மேல்வீடு கலைந்தது. நான்காவது தடவை கிளம்பிப் போய்விட்டது. கைப்பக்குவம் உள்ளவர்கள் செய்து பாருங்கள், நான் இனிமேல் செய்ய மாட்டேன்.

ஆக, தம்பியின் கணக்குக்கு வருவோம். ஐந்து அடை ஒன்று, இரண்டு அடை ஒன்று. ஐப்பசி பாதி போய்விட்டது, அடைக் கடன் காலம் தாண்டிவிட்டது, கொடுத்தால் ஐந்து நான்காகி இரண்டு பெட்டியும் ஆட்டம் காணும். இறக்குவதற்கு வண்டி கிடையாது. மலையில் பகல் குறைவு, மூடுபனி அதிகம், பாகு ஊட்டினாலும் மகரந்தம் கொண்டுவர இரண்டு அடைப் பெட்டியில் ஆள் பத்தாது. பொட்டுக்கடலை மாவைச் சர்க்கரைப் பொடியும் பாகும் விட்டுப் பிசைந்து வைக்கலாம், ஓரளவுக்கு ஓடும், ஆனால் பூ மகரந்தம் மாதிரி வராது. ஒரே பெட்டிதான் அவரிடம் இருந்திருந்தால் சுருக்கிக் கட்டிப் பாகு ஊட்டுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். இரண்டு இருக்கிறது, அதனால் சேர்த்துவிடுங்கள் என்றேன். நான்கு அடையும் இரண்டு அடையுமாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். கீழே ஒடுகத்தூர் பக்கம் தென்னந்தோப்பில் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசித்திருப்பேன், அங்கே மூன்று அடைக்குப் பக்கமாக இருந்தால் தனியாகவே தேறிவிடும்.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அவருடைய அம்மா கார்த்திகை விரதம் இருப்பவர், அந்த மாதத்தில் ராணியை நசுக்குகிற பேச்சே வீட்டில் எடுக்க முடியாதாம். நசுக்க வேண்டியதில்லை, ராணி இல்லாமல் தவிக்கிற பெட்டி யாரிடமாவது இருந்தால் தீப்பெட்டியில் நாலு தேனீயோடு போட்டுக் கொடுத்துவிடலாம் என்றேன். இரண்டில் எந்த ராணியை வைத்துக்கொள்வது என்றும் கேட்டார். பெரிய பெட்டி ராணி என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் அடையைத் தூக்கிப் பாருங்கள், மூடிய புழு ஓட்டை விழாமல் தட்டு மாதிரி நெருக்கமாக இருக்கிறதா, சல்லடை மாதிரி விட்டு விட்டு இருக்கிறதா என்று. தட்டு போட்டிருக்கிற ராணிதான் நமக்கு வேண்டியவள், அவள் சின்னப் பெட்டியில் இருந்தாலும் சரி.

அவருடைய இரண்டு பெட்டிக்கும் நடுவில் பத்தடி. முடிவை அப்புறம் எடுங்கள், முதலில் சின்னதை நாளுக்கு ஓர் அடி நகர்த்த ஆரம்பியுங்கள், பத்து நாளில் பக்கத்தில் வந்துவிடும், அதுவரை தடுப்புப் பலகையும் பாகும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். நேற்று நானே கூப்பிட்டேன். ஆறு அடி வந்திருக்கிறதாம், மழைக்கு நடுவில் ஒரு நாள் மட்டும் விட்டுப்போயிற்றாம். ராணியை என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாகு பொழுது சாய்ந்த பிறகுதானே வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். "விளக்கு வெச்ச அப்புறம்தாண்ணே" என்றார்.